பாரணை இல்லாத விரதம்

விடுதிக் குசினிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். உங்களை இருத்திவைத்து நேரில் சொல்லும்படிதான் வோர்டன் மிஸ் கேட்டார். நாலு பேர் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்கு வராது என்று அவருக்கும் தெரியும். எழுதித் தந்தால் பிழைகளைத் தான் திருத்துவதாகச் சொன்னார். ஆகவே இதில் பிழையில்லாத வரிகள் அவருடையவை.

முப்பது பிள்ளைகளுக்கு எத்தனை கொத்து அரிசி, எத்தனை தேங்காய் என்பதெல்லாம் இரண்டு கிழமையில் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. இது விளையாட்டுப் பிள்ளைகளின் விடுதி. ஓடுகிற பிள்ளைகள், வலைப்பந்து விளையாடுகிற பிள்ளைகள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளை சாப்பாட்டை விட்டு மெல்ல மெல்ல விலகிப் போனால், அதை முதலில் காணக்கூடியவர்கள் நாங்கள்தான். கோச் மைதானத்தில் மட்டும் காண்கிறார். டொக்டர் பிள்ளை விழுந்த பிறகு காண்கிறார். நாள்தோறும் மூன்று வேளை காண்பது குசினி. நான் கண்டேன். கண்டதைப் பிழையாக விளங்கிக்கொண்டேன். விளங்கிய பிறகும் ஒரு கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் சத்தம்தான் ஞாபகம் வருகிறது. நான் கொட்டாஞ்சேனையில் முதல் பஸ் எடுத்து, புறக்கோட்டையில் மாறி, வெள்ளவத்தையில் இறங்கும்போது காலி வீதியில் கடைகள் திறந்திருக்காது. கடற்பக்க ஒழுங்கையில் நடந்துவந்து அடுப்பை மூட்டுவேன். பிள்ளைகள் அதற்குள் கடற்கரைக்கு ஓடப் போயிருப்பார்கள். தேங்காய் துருவி முடிக்கும்போது ஈரச் சப்பாத்தோடு வந்து குசினி வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை தனக்குச் சம்பல் உறைக்கவில்லை என்பாள். ஹட்டன் பிள்ளை தேத்தண்ணிக்குச் சாயம் போதாது என்பாள். மட்டக்களப்புப் பிள்ளை தாய் கொடுத்துவிட்ட தயிர்ச் சட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைக்க, மற்றவர்கள் மணம் பிடித்துக் கண்டுபிடிப்பார்கள். அந்த அடிபாட்டில் பின்னால் போகிற ரயிலின் சத்தம்கூடக் கேட்காது. அப்போது எனக்குத் தலையிடிக்கும். வேலையை விட்டு வீட்டிலிருக்கும் இப்போது அந்தத் தலையிடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

குசினிக் கதவின் பின்பக்கம் ஒரு கரும்பலகை இருந்தது. விரதம் பிடிக்கும் பிள்ளைகளின் பெயரை அதில் எழுதுவது என் பொறுப்பு. அவர்களுக்கு வேறு பானை, வேறு அகப்பை, மீன் இறைச்சி படாத அடுப்பு. ஒரு பிள்ளை வந்து “அன்ரி, நான் இன்றைக்கு விரதம்” என்றால் பெயரை எழுதுவோம். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டோம். வோர்டனும் கேட்க மாட்டார், கோச்சும் கேட்க மாட்டார். சாப்பிடாமல் விட்டால் விடுதியில் நூறு கேள்வி வரும். விரதம் என்றால் ஒன்றும் வராது. சாமி காரியத்தில் யார் வாய் வைப்பார்கள்?

நான் சொல்லப்போகும் பிள்ளையை நிரோ என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணப் பக்கம். பதினேழு வயது. தூர ஓட்டக்காரி. வந்த புதிதில் பிட்டும் மீன் குழம்பும் என்றால் மூன்று முறை வருவாள். மூன்றாம் முறை வரும்போது முகத்தைத் துணியால் மூடி, வேறொரு பிள்ளைபோல நடித்துக்கொண்டு வருவாள்.

சனிக்கிழமைகளில் சாப்பாட்டறைக்கு முன்னாலுள்ள நடையில் தராசு வைத்துப் பிள்ளைகளை நிறுப்பது அப்போது வழக்கம். கோச் ஒரு சிங்கள மனிதர். நல்லவர். எங்களோடு தமிழில்தான் கதைப்பார். ஒரு சனிக்கிழமை நிரோ தராசில் ஏறியபோது, இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் நீ எல்லோரையும் முந்தலாம் என்றார். சப்பாத்து தேய்ந்திருக்கிறது, மாற்று என்று சொல்வதுபோல அதைச் சொன்னார். சொன்னதை அவர் அன்றே மறந்திருப்பார். நிரோ மறக்கவில்லை.

இரண்டு கிலோ குறைந்தது. முந்தினாள். எல்லோரும் கை தட்டினோம். “இப்பதான் புள்ள நீங்க ஓட்டக்காரி மாதிரி இருக்கீங்க” என்று நானும் சொன்னேன். யாரையும் புகழ்ந்து பழக்கமில்லாத நான் அதை ஏன் சொன்னேனோ தெரியாது. அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிறகு மேலும் குறைந்தாள்.

முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் அவள் பெயர் பலகையில் ஏறியது. பிறகு செவ்வாயும் சேர்ந்தது. புரட்டாதி பிறந்தால் எங்கள் ஆட்களுக்கு விரதங்கள் வரிசையாக வரும் காலம் அல்லவா? சனி விரதம், நவராத்திரி, இருபத்தொரு நாள் கேதாரகௌரி, அது முடிய ஆறு நாள் கந்தசஷ்டி. ஒன்றையும் அவள் விடவில்லை. மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள். அவள் சாப்பாட்டறைக்கு வந்தால் “சுவாமிகள் வாறார், வழி விடுங்கோ” என்பார்கள். “சுவாமி, கணக்குச் சோதினை பாஸாக ஆசீர்வதியுங்கோ” என்று ஒருத்தி குனிவாள். தொடக்கத்தில் நிரோவும் கரண்டியைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவாள். பிறகு அந்தப் பகிடிக்கு அவள் சிரிப்பதில்லை. சிரிக்காததை நான் பக்தி என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் நான் அப்படித்தான் நினைத்தேன். வெள்ளவத்தைப் புழுக்கத்தில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாள். சளி, தடிமனாக்கும் என்றேன். குசினிக்கு வந்து தேங்காய் துருவித் தந்தாள், மற்றவர்களுக்குப் பரிமாறினாள், தன் பங்கு வடையைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள். நல்ல மனம் என்றேன். வெறும் சுடுதண்ணீரைக் குடித்தபடி போனில் சமையல் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாளைக்கு நல்ல குடும்பப் பெண்ணாக வருவாள் என்றேன். பசித்த பிள்ளை சாப்பாட்டையே சுற்றிச் சுற்றி வந்தது. அது எனக்கு விளங்கவில்லை.

கந்தசஷ்டி முடிந்த மறுநாள் பாரணை. விரதம் முடித்துச் சாப்பிடும் நாள். நாலு பிள்ளைகள் பிடித்திருந்தார்கள். அவர்களுக்காகக் கொட்டாஞ்சேனைச் சந்தையில் வாழையிலை வாங்கிக்கொண்டு போனேன். சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். மற்ற மூன்று பேரும் குளித்த ஈரத் தலையோடு வந்து, முதலில் எட்டிப் பார்த்தது பாயாசப் பானையைத்தான். நிரோ பேசாமல் வந்திருந்தாள். வடையை இரண்டாகப் பிய்த்து இரண்டு பக்கமும் கொடுத்தாள். சோற்றைக் குழைத்தாள், பிரித்தாள், மீண்டும் குழைத்தாள். எல்லோருக்கும் முன்னரே இலையை மூடிவிட்டு எழும்பினாள். போகும்போது, அடுத்ததாகக் கார்த்திகைச் சோமவாரம் தொடங்குகிறது, தன் பெயரை எழுதிவிடும்படி சொன்னாள்.

இலைகளை எடுக்கப் போனேன். மூன்று இலை பறந்தன. அவளுடைய இலை கனத்தது.

அப்போது என்னோடு வேலை செய்தவர் கொம்பனித்தெருவிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பெண். அவர்கள் அக்காவை ராத்தா என்பார்கள். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்றாலும் நானும் அவரை ராத்தா என்றே கூப்பிட்டேன். எனக்கு இந்தத் தொழிலில் கண் திறந்தவர் அவர். பெயரை எழுத வேண்டாம் என்றிருக்கிறார். அன்று அவர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். நான் பெருமையோடு சொன்னேன், இந்த வயதில் இப்படி ஒரு பிள்ளையைக் கண்டதில்லை, கேதாரகௌரி இருபத்தொரு நாளில் ஒரு நாளும் தவறவில்லை, என்னோடு கோயிலுக்கு வருவதில் ஒரு வெள்ளியும் தவறவில்லை என்று. ராத்தா கத்தியைக் கீழே வைத்தார்.

“நாங்க நோம்பு புடிச்சா பாங்கு சொல்ற நேரத்தத்தான் பாத்துக்கிட்டிருப்போம். இந்தப் புள்ள எப்ப நோம்பு தொறக்கிற?”

ராத்தா என் கையிலிருந்த கனத்த இலையைப் பார்த்தார்.

“எங்கட பொம்புளைகளுக்கு மாசத்துல அஞ்சாறு நோம்பு தவறும். அந்த நாள்ல புடிக்கேலாதே. ஒங்கட புள்ளக்கி மட்டும் ஒரு நாளும் தவறல்லையா?”

கையில் அந்த இலையோடு நின்றேன். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது நான்தான். மாதத் துடக்கு வந்த பிள்ளைகள் விடுதியில் நின்று கரம்போர்ட் விளையாடுவார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒரு வெள்ளி நின்றிருக்கிறார்கள். நிரோ நின்றதேயில்லை. எத்தனையோ மாதமாக. அதைத்தான் நான் பக்தி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உங்கள் சமயம் எதுவாயிருந்தாலும் சரி, இதை மனதில் வையுங்கள். விரதம் பிடிப்பவளுக்கு முடிவு நாள் உண்டு. அந்த நாளில் அவள் முகம் மலரும். ஒரு விரதம் முடியுமுன் அடுத்த விரதத்தைத் தேடுகிற பிள்ளை சாமியைத் தேடவில்லை.

அன்றே நான் வோர்டனிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. படித்த பிள்ளையைப் பற்றி, படித்த மனிதர்களிடம், அதுவும் இப்படிப்பட்ட விஷயத்தை நான் எப்படிச் சொல்வது? அதற்குப் பதிலாக ஒரு குசினிப் புத்தி செய்தேன். அவள் அப்போது குடித்துக்கொண்டிருந்தது ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சி மட்டும். அதில் ஒருவருக்கும் தெரியாமல் கட்டிப் பாலும் நெய்யும் விட்டேன். நிரோ ஒரு வாய் வைத்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அன்ரி, இதுக்குள்ள என்ன விட்டனீங்கள்?”

ஒன்றும் விடவில்லை என்றேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. கஞ்சியைத் தொட்டியில் ஊற்றி, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாளிலிருந்து என் கஞ்சியும் இல்லை. நீங்கள் எவ்வளவு அன்போடு செய்தாலும் இதைச் செய்யாதீர்கள். சாப்பாட்டுக்குப் பயந்த பிள்ளைக்குச் சாப்பாட்டில் பொய்யைக் கலந்து கொடுத்தால், பயப்படுவதற்கு நாமே ஒரு நியாயத்தைக் கொடுக்கிறோம்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை மதியம் அவளாகவே குசினிக்கு வந்தாள். ராத்தா கடைக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பெரிய தெரிவுப் போட்டி. அதில் வென்றால் வெளிநாடு போகும் அணியில் இடம். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, இரண்டு கையையும் நெருப்புக்கு நீட்டினாள். கையைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன்போல இருந்தது. மாதா மாதம் ஒழுங்காக வருகிறதா என்று, எப்படியோ கேட்டுவிட்டேன்.

“ஆடிக்குப் பிறகு வரேல்ல, அன்ரி. ஓடுற பிள்ளையளுக்கு அப்பிடித்தானாம்.”

கையை நெருப்புக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

“ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. சொன்னா என்னை வீட்டை அனுப்பிப்போடுவினம். ஓட்டம் இல்லாட்டி எனக்கு என்ன இருக்கு? நீங்கள் ஒருத்தரோடயும் கதைக்கிற ஆள் இல்லை எண்டுதான் உங்களிட்டைச் சொன்னனான்.”

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் மௌனத்தை அவள் சத்தியமாக எடுத்துக்கொண்டு போனாள். சொன்னால் அவளுடைய ஓட்டம் போகும். சொல்லாவிட்டால் அந்தக் குளிர்ந்த கையோடு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஓடுவாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது இதை மாற்றி மாற்றி நினைத்ததில் என் தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை. நடையில் பிள்ளைகள் வரிசை. கோச் நிறை எழுதும் கொப்பியோடு நிற்கிறார். வோர்டன் மிஸ் பக்கத்தில். நான் தட்டில் பாலில்லாத பிளேன்ரீ கொண்டு வருகிறேன். நிரோ தராசில் ஏறினாள். கோச் பார்த்தார். திருப்தியோடு தலையாட்டிவிட்டு எழுதக் குனிந்தார். அவள் இறங்கினாள். இறங்கியவள் சுவரைப் பிடித்தாள். கண்ணை மூடி, இரண்டு மூச்சு நின்று, பிறகு சிரித்த முகத்தோடு நிமிர்ந்தாள். கோச்சின் கண் கொப்பியில் இருந்தது. வோர்டன் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்டது நான் மட்டும்.

தட்டை நிலத்தில் வைத்தேன்.

“சேர், இந்தப் புள்ளைய நாளைக்கு ஓட விடாதீங்க.”

கோச் சத்தம் போடவில்லை. அன்ரி, நாளைக்குப் போட்டி, இன்றைக்கு ஏன் இந்தக் கதை, நீங்கள் சமையலைப் பாருங்கள் என்றார். நிரோ என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. ஆண் நிற்கிற இடத்தில், அத்தனை பிள்ளைகள் முன்னால், மிச்சத்தை என்னால் சொல்ல முடியவில்லை. வோர்டன் மிஸ்ஸின் கையைப் பிடித்தேன். அதுவரை நான் அவருடைய கையைத் தொட்டதில்லை. களஞ்சிய அறைக்குக் கூட்டிப்போய், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொன்னேன். மூடிய இலை, கஞ்சி, கம்பளிச் சட்டை என்று கண்டதையெல்லாம் முன்பின்னாகச் சொன்னேன். பிள்ளைகள் சாப்பாட்டில் ஏதோ குறை பிடிக்கிறார்களாக்கும் என்பதுபோலத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளைச் சொன்னதும் என்னை நிறுத்தினார்.

“எத்தினை மாதம்?”

ஆடியிலிருந்து என்றேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு, நிரோவைக் கூட்டிக்கொண்டு அப்போதே டொக்டரிடம் போனார்.

டொக்டர் அவளைப் படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒரு முறை நாடி பார்த்தாராம். இதயம் மிகவும் மெதுவாக அடிக்கிறது, இந்தப் பிள்ளை நாளைக்கு ஓடுவதென்ன, படி ஏறவும் கூடாது என்று ஆஸ்பத்திரி வாட்டில் வைத்துவிட்டார். இது பிடிவாதமோ அழகு பார்க்கும் ஆசையோ இல்லை, ஒரு நோய், தனியே மருந்தால் மாறாது, சாப்பாட்டுக்கு ஒருவர், மனதுக்கு ஒருவர் என்று நாளெடுத்துத்தான் மாறும் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்தது. அவளுடைய இடத்தில் வேறொரு பிள்ளை ஓடினாள்.

அவளுடைய உடுப்புகளை எடுக்கத் தாய் விடுதிக்கு வந்தார். குசினியில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று, பிள்ளை ஒரு விரதமும் விடாத பிள்ளை என்று சொன்னேன். அந்தத் தாய் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“வீட்டில அவள் வெள்ளிக்கிழமைகூடப் பிடிக்கிறேல்லையே, அம்மா.”

ஒரு தொலைபேசிக் கதையில் தெரிந்திருக்கக்கூடிய விஷயம். பலகையில் அவளுடைய பெயரை எழுதிய அத்தனை மாதத்தில் ஒருவரும் அந்தத் தாயிடம் கேட்கவில்லை.

அந்தக் கிழமையே கோச் குசினி வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. “ஏன் அன்ரி எனக்கு முதல்ல சொல்லல்ல?” என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. சொன்னால் கேட்கமாட்டார் என்று நானாக முடிவு கட்டி வைத்திருந்தேன். அவரை நான் சோதித்துப் பார்க்கவேயில்லை. அடுத்த சனிக்கிழமை நடையில் தராசு இல்லை. டொக்டர் வருகிற நாளில், கதவு பூட்டிய அறைக்குள், தேவையான பிள்ளையை மட்டும் நிறுப்பது என்று அவரே மாற்றிவிட்டார். நீங்கள் இப்போது காணும் ஒழுங்கு அப்படி வந்ததுதான்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மெலிந்த பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பிறகொரு வருஷம் ஒரு வலைப்பந்துப் பிள்ளை இருந்தாள். நல்ல உடம்பு, நல்ல சாப்பாடு. ஆனால் சாப்பிட்ட கையோடு எழும்பிக் குளியலறைக்குப் போவாள், குழாயைத் திறந்துவிடுவாள், வரும்போது கண் சிவந்திருக்கும். அந்த முறை நான் ஒரு கிழமை எடுக்கவில்லை. அன்று மதியமே மிஸ்ஸிடம் போய், கண்டதை மட்டும் சொன்னேன். நோய்க்குப் பெயர் வைப்பது டொக்டருடைய வேலை. என்ன கண்டோம், எத்தனை நாளாகக் கண்டோம் என்பது எங்கள் வேலை. பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மெலிந்துவிட்டாய், கொழுத்துவிட்டாய் என்று நல்லெண்ணத்தோடும் சொல்லாதீர்கள். நான் சொன்ன அந்த ஒரு வரியை நிரோ எத்தனை நாள் சுமந்தாளோ தெரியாது.

எட்டு மாதம் கழித்து நிரோ திரும்பி வந்தாள். முதலில் நடந்தாள், பிறகு மெதுவாக ஓடினாள். மாதம் ஒருமுறை டொக்டரிடம் போய்வந்தாள். சில நாள் மிகவும் கஷ்டப்பட்டாள். அந்த நாட்களில் வோர்டன் மிஸ் தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து, அவளுக்குப் பக்கத்தில் இருந்து, ஊர்க் கதை கதைத்துக்கொண்டு சாப்பிடுவார். பழைய வேகம் முழுதாக வரவில்லை என்று கோச் சொன்னார். சொன்னவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

என்னோடு அவள் கதைக்கவில்லை. ஒரு சொல்லும் இல்லை. நான் பரிமாறுகிற பக்கம் வர மாட்டாள். ராத்தாவின் கையால்தான் வாங்குவாள். ராத்தா இரண்டொரு முறை சமாதானம் பேசப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தடுத்தேன். அவள் நம்பிச் சொன்னதை நான் சொல்லிவிட்டேன். கோபிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. இந்த வேலையில் இதற்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். பிள்ளை எங்களோடு கோபமாயிருக்கலாம். சாப்பாட்டோடு கோபமில்லாமல் இருந்தால் போதும்.

இரண்டு வருஷம் கழித்து விடுதியை விட்டுப் போனாள். போகிற காலையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், என்னிடம் இல்லை. நான் அவளுக்குச் சங்கடம் கொடுக்க வேண்டாம் என்று குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். இடியப்பம் பரிமாறிக்கொண்டிருந்த சாப்பாட்டறையில் அவள் குரல் கேட்டது.

“ராத்தா, சொதி இன்னும் கொஞ்சம் விடுங்கோ.”

அன்றைய சொதி நான் வைத்தது.